மாத்திரைக் கவரும் மஞ்சள் பையும்

மனநல ஓபிக்கு வருகிற ஏழைகள் பலரிடம் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று ஓபி நோட்டு. இன்னொன்று ஒரு பை. ஜவுளிக்கடை மஞ்சள் பையாகவோ, ஜிப் போன பிளாஸ்டிக் கவராகவோ இருக்கும். நோட்டை டாக்டர் வாங்கிப் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார். பையை யாரும் கேட்பதில்லை.

அதை மேசையில் கொட்டினால் பெரும்பாலும் இதெல்லாம் விழும்: ஆதார் நகல் நாலைந்து, ரேஷன் கார்டு, மகளிர் குழுக் கடன் அட்டை, ஆங்கிலத்தில் ஒரு பேங்க் நோட்டீஸ், எட்டாக மடித்த கோர்ட் சம்மன், இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டு, "பென்ஷன் வாங்கித் தர்றேன்" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிப் போன புரோக்கரின் விசிட்டிங் கார்டு. அந்த ஓபியிலேயே சட்ட உதவி செய்ய உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பையை மூன்றாகப் பிரிப்பது. தேதி உள்ள காகிதங்கள் ஒரு பக்கம், பணம் சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம், ஆளை அடையாளம் காட்டுபவை ஒரு பக்கம். தேதிக் காகிதத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். சம்மன் வந்த உறை கூடவே இருந்தால் நல்ல காலம். என்றைக்குக் கைக்கு வந்தது என்பதற்கு அந்தத் தபால் முத்திரைதான் சாட்சி. பலர் உறையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மாத்திரையின் அளவு கூடும். காலை ஏழு மணிக்கே வசூல்காரர் வாசலில் பைக்கை நிறுத்துகிறார் என்பது நோட்டில் ஏறாது. டாக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிஷம், அவரைக் குறை சொல்ல முடியாது. 1993இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் பாரி சுக்கர்மன் இதையே வேறு நோயில் கண்டார். மூச்சிரைப்புக்கு மருந்து வாங்கிப் போகும் குழந்தை, பூஞ்சை பிடித்த வாடகை வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறது. வீட்டுக்காரரைப் பழுதுபார்க்க வைக்க வக்கீலால் முடியும் என்று மருத்துவமனைக்குள்ளேயே வக்கீலைக் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் எழுத்திலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி உரிமை என்கிறது. அதோடு நிற்கவில்லை. அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லி, எங்கே கிடைக்கும் என்ற விவரத்தையும் கொடுப்பது மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவருக்கும், போலீஸ் அதிகாரிக்கும், நீதிபதிக்கும் கடமை என்கிறது. செலவை ஏற்பது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் இருக்கும் ஆணைக்குழு. மனநோயாளிகளுக்கென்றே தேசிய ஆணைக்குழு 2015இல் ஒரு திட்டம் போட்டு, 2024இல் புதுப்பித்தது. ஆனால் பல இடங்களில் இதெல்லாம் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணோடு நடைபாதையில் தொங்கும் ஒரு போர்டாகச் சுருங்கிவிடுகிறது.

"கோர்ட் வளாகத்துல ஆபீஸ் இருக்கு, போய்ப் பாருங்க" என்று சீட்டெழுதிக் கொடுத்தால் ஆள் போய்ச் சேர்வது அபூர்வம். குளித்துப் புறப்பட்டு இந்த ஓபிக்கு வந்ததே மனச்சோர்வுக்காரருக்கு அன்றைய முழு உழைப்பு. இன்னொரு பஸ் ஏற மாட்டார். சந்தேக நோய் உள்ளவருக்குக் கோர்ட் என்றாலே போலீஸ். ஆகவே சட்ட உதவிக்கான நாற்காலி மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கதவு போட்ட தனி அறையில் "சட்ட ஆலோசனை" என்று பலகை வைத்தால் அங்கேயும் யாரும் வர மாட்டார்கள், வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள். சமூகப் பணியாளரின் மேசையில் இன்னொரு நாற்காலி போட்டால் போதும், பேச்சு மட்டும் மற்றவர் காதில் விழாத தூரத்தில்.

இங்கே முதலில் முட்டுவது நேரம். அரசு மருத்துவமனை ஓபி காலையில் தொடங்கி நண்பகலோடு முடிகிறது. கோர்ட் பத்தரைக்குக் கூடும். ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள பேனல் வக்கீல் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்து பத்துக்கு எழுந்து போவார். ராத்திரி மாத்திரை போட்டவரோ பத்து மணிக்குத்தான் வந்து சேருவார். இதற்கு வக்கீலைத் திட்டிப் பயனில்லை. முழு ஓபி நேரமும் உட்கார வேண்டியவர் ஆணைக்குழுவில் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர். அவர் பையைப் பிரித்து, விவரம் எழுதி, காகிதங்களைப் போனில் படம் எடுத்து வைப்பார். கோர்ட் மதிய இடைவேளையில் வக்கீலிடம் வரிசையாகப் பேசி முடிப்பார். வக்கீல் நேரில் வருவது இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் ஓடும், அந்த நாள் மாறாமல் இருந்தால். அடுத்த சந்திப்பை நோயாளியின் மாத்திரை தேதியோடு சேர்த்துப் போடுவதும் முக்கியம். மாத்திரைக்கு எப்படியும் வருவார், வக்கீலுக்காக மட்டும் வர மாட்டார்.

"ஏதாவது சட்டப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். தங்கள் தொல்லைக்குச் சட்டம் என்று பெயர் உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. "வீட்டுக்குத் தபால், நோட்டீஸ் ஏதாவது வந்துச்சா?" "கடன் கேட்டு யாராவது வர்றாங்களா? எத்தனை மணிக்கு வர்றாங்க?" "வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களா?" "சம்பளம் பாக்கி இருக்கா?" "உடம்பு முடியாம இருந்தப்ப யாராவது கையெழுத்தோ கைரேகையோ வாங்கினாங்களா?" கடைசிக் கேள்வி நிறைய விஷயத்தைக் கிளறும். தான செட்டில்மென்ட் எழுதி வாங்கிய அண்ணன், வெற்றுப் புரோ நோட்டில் கையெழுத்து வாங்கிய தண்டல்காரர் எல்லாரும் அங்கேதான் வெளியே வருவார்கள். ஆறாவதாக ஒரு கேள்வி உண்டு: "வீட்ல இருக்கப் பயமா இருக்கா?" அதைக் கூட வந்தவர் எதிரில் கேட்கவே கூடாது. "எடை பார்க்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று நர்ஸ் சொல்லும் அந்த இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும்.

கடனுக்கு வருவோம், அதிகம் வருவது அதுதான். முதலில் யார் கொடுத்த கடன் என்று பிரிக்க வேண்டும், அதை வைத்துத்தான் வழி மாறும். நுண்கடன் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் போட்ட விதிகள் பொருந்தும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. சொந்தக்காரரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல் கூடாது. வசூல் பேசி வைத்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை அங்கே வராதவர் வீட்டுக்குத்தான் ஆள் போகலாம். இதைத் தெரிந்துகொண்டதுமே சிலருக்குத் தோள் இறங்கும். ஆனால் வாயால் சொன்னால் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்தார், என்ன சொன்னார் என்று ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்து, வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையை எழுதச் சொல்ல வேண்டும். அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு ஒரு புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனுக்கு. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கம்பெனிக்கு எழுதாமல் நேரே ஆம்புட்ஸ்மனுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வரிசை தப்பிப்போய் ஒரு மாதம் வீணாவது சாதாரணமாக நடக்கிற தவறு.

கொடுத்தவர் உள்ளூர் ஆள், மீட்டர் வட்டி, ரன் வட்டி என்றால் ரிசர்வ் வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம். அங்கே ஆதாரம்தான் தகராறு. ரொக்கமாக வாங்கி ரொக்கமாகக் கட்டியிருப்பார்கள். ஏடிஎம் கார்டையே வாங்கி வைத்திருக்கும் வட்டிக்காரர் உண்டு. அப்படியானால் முதல் வேலை புகார் எழுதுவது இல்லை. பேங்குக்குப் போய் அந்தக் கார்டை முடக்கிவிட்டு, ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் எடுப்பது. உதவித்தொகை விழுந்த மறுநாளே பணம் எடுக்கப்பட்டிருப்பது அதில் தெரியும், அதுவே ஆதாரமாகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விதிகள் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை, வசூலிக்கும் முறையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. "இனிமே கட்ட வேணாமாம்" என்று புரிந்துகொண்டு போனவர் குழுவில் மற்ற பெண்களின் ஏச்சுக்கு ஆளாவார், அவர்கள்தானே பொறுப்பு ஏற்றவர்கள். அந்த ஏச்சு வசூல்காரரின் ஏச்சைவிட ஆழமாக வெட்டும்.

சம்மன் விஷயத்தில் நோயே தாமதத்துக்குக் காரணம். படுத்த படுக்கையாக இருந்தபோது வந்த சம்மனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, ஆள் வராததால் கோர்ட் கொடுக்கும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்த பிறகுதான் தெரியும். அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் கெடு 30 நாள். கெடு தாண்டியிருந்தால் காலவரையறைச் சட்டம் 5ஆவது பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், போதிய காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணம் ஓபி நோட்டில் தேதிவாரியாக இருக்கிறது. கிழிந்த நோட்டை மாற்றிப் புது நோட்டு போடும்போது பழையதைக் குப்பையில் போடாதீர்கள் என்று ஓபியில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். தொலைந்திருந்தால், மனநலச் சட்டத்தின் 25ஆவது பிரிவு தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதி அத்தாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோட்டு முழுவதையும் நகலெடுத்துக் கோர்ட்டில் வைப்பது சோம்பேறி வக்கீல் செய்கிற வேலை. அதில் கணவன் அடித்தது, குடித்தது, குரல் கேட்பது எல்லாம் எழுதியிருக்கும். தாமதத்தை மன்னிக்க டாக்டரிடமிருந்து மூன்று வரி போதும்: இன்ன தேதி முதல் இங்கே சிகிச்சை பெறுகிறார், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உள்நோயாளி, அந்த நாட்களில் வெளியே போய்க் காரியம் பார்க்கும் நிலையில் இல்லை. நோயின் பெயர் அதில் எதற்கு? டாக்டர்கள் பழக்கத்தில் நோயின் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். அதனால் அந்த மூன்று வரியை மாதிரியாக அச்சடித்து ஓபி மேசையில் ஒரு கட்டு வைத்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில்தான் கிளினிக்கில் உட்காருகிற வக்கீல், வெளி வக்கீலைவிட உபயோகமாகிறார். ஒரே காகிதம் ஓர் இடத்தில் காப்பாற்றும், இன்னோர் இடத்தில் கவிழ்க்கும். கடுமையான மனநோய் உள்ள ஒரு பெண் மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கினால் உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் வழி பிறக்கும். ஆனால் அதே பெண்மீது கணவன் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் 13(1)(iii)இல் மனக்கோளாறு ஒரு காரணமாக இருக்கிறது. பிள்ளை யாரிடம் என்ற வழக்கிலும் அதே சான்று எதிராக நிற்கும். நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, அதன் தன்மையும் அளவும் கூட வாழ முடியாதபடி இருக்க வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனநலச் சட்டத்தின் 3ஆவது பிரிவும், மனநோய் என்று கண்டதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதைக் கோர்ட்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. இவை தற்காப்புக்கு உதவும். இருந்தாலும் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் "வீட்ல ஏதும் கேஸ் ஓடுதா?" என்று கேட்டுவிட வேண்டும். கேஸ் இருந்தால் லாப நஷ்டத்தை அவரிடமே விளக்கி, அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். பேசாமல் நாமே முடிவெடுப்பது தப்பு.

சான்று வாங்குவது என்று முடிவானால், குறைபாடு 40 சதவீதம் என்பதுதான் எல்லை. மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல். தன்னைப் பேணிக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கு தலைப்புக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அதோடு நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். இங்கே மறுபடியும் பழைய நோட்டுதான் கைகொடுக்கும். பத்து வருஷ நோயைப் போன மாத நோட்டோடு போய்க் காட்டினால் மதிப்பெண் குறையும். இன்னொரு தவறு, நல்ல சட்டை போட்டு, தலை சீவி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று சொல்ல வைத்துக் கூட்டிப்போவது. நடிக்கச் சொல்லவில்லை. கூட வீட்டில் இருப்பவர் வந்து, யார் குளிக்க வைக்கிறார்கள், கடைக்குப் போனால் சில்லறை வாங்கி வருவாரா என்ற மாதிரி நடப்பைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதியும்போது மாட்டிக்கொள்வது இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும், பாஸ்புக்கில் கணவன் பெயரின் முதல் எழுத்து இருக்கும், ரேஷன் கார்டில் எதுவுமே இருக்காது. ஆதாரைத் திருத்திவிட்டு மற்றதைத் தொட வேண்டும். தலைகீழாகச் செய்தால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

பராமரிப்பவரும் பேங்கும் சேர்ந்து குழம்புகிற இடம் ஒன்று உண்டு. மனநலச் சட்டத்தின் 14ஆவது பிரிவில், ஒருவர் தனக்கு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்து நியமிக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். ஆனால் அந்தப் பிரதிநிதி சிகிச்சை விஷயத்துக்கு மட்டும்தான். அந்தத் தாளைக் காட்டிப் பேங்கில் பணம் எடுக்கவோ பத்திரம் பதியவோ முடியாது. மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் காப்பாளர் நியமிக்கும் குழு இருக்கிறதே என்று சிலர் மனு எழுதிப் போவார்கள். அது 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. மனச்சிதைவுக்குப் பொருந்தாது.

பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பே இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் எல்லாம் தனித்தனி வகை. இப்படிப்பட்ட வகை எதிலும் வராதவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. இது தெரியாமல் பெண்களைத் தாசில்தார் ஆபீஸுக்கு வருமானச் சான்று வாங்க அனுப்புவது நடக்கிறது. வீட்டில் அடி என்றால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் படிவத்தில் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், மனுவை முடிக்க முயல வேண்டியது 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் நாள் நீளும். அதனால் 23ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவையும் முதல் மனுவோடேயே கேட்டுவிட வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டிலேயே இருப்பதற்கான உத்தரவு 19ஆவது பிரிவு. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதைக் கேட்கலாம்.

பிள்ளைகள் கவனிக்காத வயதான தாய் தகப்பனுக்கு 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்க் கோட்டாட்சியரிடம் மனு. அந்தத் தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாட வேண்டாம் என்று சட்டமே வைத்திருக்கிறது. மனுவைச் சரியாக எழுதித் தந்தால் போதும்.

உயிரை மாய்க்க முயன்று பிழைத்து வந்தவர்களுக்கு இருக்கும் பயம் வேறு. "கேஸ் போடுவாங்களா?" என்பதுதான் குடும்பத்தின் முதல் கேள்வி. அதனால்தான் பலர் உண்மையை டாக்டரிடம் மறைத்து "தெரியாமல் சாப்பிட்டார்" என்பார்கள். அவர் பெரும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டுப் பதிவும் போலீசுக்குத் தகவலும் இன்னும் போகும். அது பதிவு, வழக்கு இல்லை என்று அன்றே சொல்லிவிட வேண்டும். ஒரு விலக்கு இருக்கிறது. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ அவர் கடமையைத் தடுக்கவோ அப்படி முயன்றால் புதிய சன்ஹிதாவின் 226ஆவது பிரிவில் வழக்கு வரும். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடப்பது இதில் மாட்டிக்கொள்ளலாம். "மனு கொடுத்துக் கொடுத்துச் சலிச்சிட்டேன், இனி அங்கேயே..." என்று யாராவது ஓபியில் சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளக் கூடாது. டாக்டரை அப்போதே கூப்பிட வேண்டும், அந்த மனு எந்த மேசையில் தேங்கியிருக்கிறது என்பதை அன்றே போனில் பிடிக்க வேண்டும். ராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் 14416.

லோக் அதாலத், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம் பற்றி ஓர் எச்சரிக்கை. கடன் வழக்குக்கு அது நல்ல இடம்தான், கோர்ட் கட்டணமும் திரும்பும். ஆனால் அங்கே ஆகும் சமரசத்துக்கு மேல்முறையீடு கிடையாது. சோர்வின் அடியில் கிடப்பவர் "எதுவானாலும் சரி, முடிஞ்சா போதும்" என்று கையெழுத்துப் போடுவார். மாதம் நாலாயிரம் கட்டுகிறேன் என்பார், வீட்டுக்கு வருவதே ஒன்பதாயிரமாக இருக்கும். இரண்டாம் தவணையிலேயே தவறும். தவறினால் சமரசமே தீர்ப்பாணை போல நிறைவேற்றப்படும், நிலைமை முன்னைவிட மோசம். அரிசி, வாடகை, பஸ், பிள்ளைகள் செலவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்து, மிச்சத்தில் பாதிக்கு மேல் தவணைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கணக்கு. டாக்டர் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னால் அடுத்த அதாலத்துக்குத் தள்ளிவிடலாம்.

யாரிடம் என்ன சொன்னால் எங்கே போகும் என்பதும் நோயாளிக்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் சொன்னது ரகசியம்தான், மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதைக் காக்கிறது. ஆனால் கோர்ட் கூப்பிட்டால் டாக்டர் பதில் சொல்ல வேண்டி வரலாம். வக்கீலிடம் சொன்னதற்கு அதைவிடப் பலமான பாதுகாப்பு உண்டு. ஆகவே சட்ட விவரம் எழுதும் நோட்டும் ஓபி நோட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். சட்ட நோட்டு ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கக் கூடாது.

வாய்தா தேதியை எங்கே எழுதித் தருவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், அதில்தான் நிறைய வழக்கு கோட்டைவிடப்படுகிறது. துண்டுச் சீட்டு மஞ்சள் பைக்குள் போய்விடும், திரும்ப வராது. போனில் மெசேஜ் அனுப்பினால் போன் மகன் கையில் இருக்கும். தினமும் இரண்டு வேளை நிச்சயமாகக் கையில் எடுக்கிற காகிதம் மாத்திரைக் கவர் மட்டும்தான். பார்மசியில் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று கோடு போட்டுத் தருவார்கள் அல்லவா, அதன் பின்பக்கம் பெரிய எழுத்தில் "12ஆம் தேதி, பத்தரை, இரண்டாம் மாடி" என்று எழுதிவிட்டால் ஆள் வந்துவிடுகிறார். வீட்டில் இருப்பவர்மீதே வழக்கு என்றால் மட்டும் இப்படி எழுதக் கூடாது. அப்போது கவரில் "12 — ரத்தப் பரிசோதனை" என்று எழுதி, அதற்கு என்ன அர்த்தம் என்பதை எடை பார்க்கும் இடத்தில் அந்த இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட வேண்டும்.